ஒற்றை வரியில் உள்ளே வந்தவர்கள்

கவுன்ட்டர், வரைபடம், லைக் பட்டன், சாட்பாட்... இணையதளங்களுக்கு உயிர் கொடுக்கும் பல வசதிகள் வேறு யாருடைய சர்வரிலிருந்தோ வந்து ஓடுகின்றன. அந்த 'வேறு யாரோ' யார்?

2018 ஏப்ரல் 6, வெள்ளிக்கிழமை. 'நான் வாங்காத பொருளுக்கு என் கார்டில் பணம் போயிருக்கிறது' என்று லண்டனின் மான்ஸோ வங்கிக்கு அன்று ஒரே நாளில் ஏறக்குறைய 50 பேர் புகார் செய்தார்கள். கிளைகளே இல்லாமல் செல்போன் செயலி மூலமாகவே நடக்கும் வங்கி அது. அங்குள்ள மோசடித் தடுப்புப் பிரிவினர் புகார் சொன்னவர்களின் பழைய செலவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அவர்களில் 70 சதவீதம் பேர் சமீப மாதங்களில் ஒரே இடத்தில் கார்டைப் பயன்படுத்தியிருந்தார்கள்: இசை நிகழ்ச்சிகளுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் நுழைவுச்சீட்டு விற்கும் டிக்கெட்மாஸ்டர். வங்கியின் மொத்த வாடிக்கையாளர்களில் அங்கே டிக்கெட் வாங்கியவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. தற்செயல் என்று விட்டுவிட முடியாத கணக்கு.

அடுத்த வாரமே டிக்கெட்மாஸ்டர் ஆட்கள் வங்கிக்கு வந்து விவரம் கேட்டுச் சென்றார்கள். ஏப்ரல் 19 அன்று, தம் தளத்தில் தகவல் கசிந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று பதில் சொன்னார்கள். மான்ஸோ காத்திருக்கவில்லை, டிக்கெட்மாஸ்டரில் கார்டைப் பயன்படுத்திய சுமார் 6,000 பேருக்குப் புதிய கார்டுகளை அனுப்பிவைத்தது. டிக்கெட்மாஸ்டர் உண்மையைக் கண்டுபிடிக்க ஜூன் 23 ஆனது.

ஒரு விதத்தில் பார்த்தால், டிக்கெட்மாஸ்டரின் பதில் பொய்யில்லை. அதன் சர்வரின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. வாடிக்கையாளரின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல, இன்பென்டா என்ற நிறுவனத்தின் சாட்பாட்டைத் தளத்தில் வைத்திருந்தார்கள். சாட்பாட்டின் நிரல் இருந்தது இன்பென்டாவின் சர்வரில். டிக்கெட்மாஸ்டரின் பக்கங்களில் இருந்தது, அதைக் கூப்பிடும் ஒரே ஒரு வரி. திருடர்கள் இன்பென்டாவில் இருந்த கோப்பில் தங்கள் கைவரிசையைச் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சாட்பாட், கார்டு எண்ணைத் தட்டச்சு செய்யும் பணம் கட்டும் பக்கத்திலும் இருந்தது. வாடிக்கையாளர் எண்ணை அடிக்க அடிக்க, அது திருடர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

பணம் கட்டும் பக்கத்தில் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்போம் என்றது இன்பென்டா. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் இந்தச் சமாதானத்தையெல்லாம் டிக்கெட்மாஸ்டருக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பா முழுக்க 94 லட்சம் வாடிக்கையாளர்களின் விவரங்கள் ஆபத்துக்கு உள்ளாகியிருக்கலாம் என்று கணக்கிட்டு, 2020 நவம்பரில் 12.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. அதுவும் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2018 மே 25-க்குப் பிந்தைய சில வாரங்களுக்கு மட்டும். முந்தைய மாதங்கள் அபராதக் கணக்கில் வரவே இல்லை.

எங்கே இருக்கிறது, எங்கே ஓடுகிறது

இதெல்லாம் எப்படி முடிகிறது? ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கும்போது உங்கள் பிரவுசர் முதலில் அந்தத் தளத்தின் சர்வரிலிருந்து பக்கத்தை வாங்குகிறது. அதில் 'இன்ன முகவரியில் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது, கொண்டுவந்து ஓட்டு' என்று ஒரு வரி இருந்தால், பிரவுசர் மறுபேச்சு இல்லாமல் அந்த முகவரிக்குப் போய் அங்கே இருப்பதை எடுத்துவந்து ஓட்டும். அது வேறு ஊரில், வேறு நிறுவனத்தின் சர்வரில் இருந்தாலும் சரி.

ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தின் தகவலைப் படிக்கக்கூடாது என்ற தடுப்புச்சுவர், நெட்ஸ்கேப் 2 என்ற பழைய பிரவுசரின் காலத்திலிருந்தே உண்டு. அதனால்தான் ஒரு ஜன்னலில் வங்கிக் கணக்கையும் பக்கத்து ஜன்னலில் ஏதோ ஒரு சினிமாச் செய்தித் தளத்தையும் தைரியமாகத் திறந்துவைக்க முடிகிறது. ஆனால் அந்தச் சுவரில் ஒரு வாசல். ஒரு ஸ்கிரிப்ட் எங்கிருந்து வந்தது என்று பிரவுசர் பார்ப்பதில்லை; எந்தப் பக்கத்தில் ஓடுகிறது என்றுதான் பார்க்கும். எவன் சர்வரிலிருந்து வந்தாலும், உங்கள் பக்கத்தில் ஓடினால் அது உங்கள் ஸ்கிரிப்ட். பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் படிக்கலாம், மாற்றலாம், தட்டச்சைக் கவனிக்கலாம், வெளியே அனுப்பலாம். கல்யாண வீட்டில் சமையல் காண்ட்ராக்ட் எடுத்தவர் சமையற்கட்டோடு நிற்பார். இங்கே அவருக்குப் பீரோ சாவியும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த வரியில் இருப்பது ஒரு முகவரி மட்டுமே. நீங்கள் பார்த்துப் பிடித்துப்போய்ச் சேர்த்த அன்று அந்த முகவரியில் என்ன இருந்ததோ அதுவே நாளைக்கும் இருக்கும் என்பதற்கு அந்த வரி எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

இல்லாதவர்களின் வழி

இப்படி ஓர் ஓட்டையை ஏன் வைத்தார்கள் என்று கேட்பது எளிது. அன்றைய நிலைமை அப்படி. 1990-களின் நடுவில் இணையப் பக்கம் என்பது அச்சடித்த நோட்டீஸ் போல அசையாமல் கிடக்கும். வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணவோ, அவர்கள் ஒரு குறிப்பு எழுதிவிட்டுப் போகவோ வேண்டுமென்றால், சர்வரிலேயே ஒரு நிரல் ஓடவேண்டும். அதற்கு வழிசெய்த சிஜிஐ என்ற ஏற்பாட்டில் பெரும்பாலான நிரல்கள் பெர்ல் மொழியில் எழுதப்பட்டன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மேட் ரைட், 1995-ல் இப்படிப்பட்ட நிரல்களை இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளியிட்டார். கவுன்ட்டர், விருந்தினர் புத்தகம், படிவத்தை மின்னஞ்சலாக மாற்றும் ஃபார்ம்மெயில். உலகம் முழுக்க அவற்றை நகலெடுத்தார்கள். ஃபார்ம்மெயிலில் இருந்த ஓட்டைகள் வழியாகக் குப்பை மின்னஞ்சல்காரர்கள் பல ஆண்டுகள் பிழைத்தார்கள் என்பது தனிக்கதை.

ஆனால் இலவச இடத்தில் குடியிருந்தவர்களுக்கு இந்த வசதியும் கிடையாது. பெரும்பாலான இலவச சர்வர்களில் பக்கங்களையும் படங்களையும் போடலாம். சொந்த நிரலை ஓட்ட முடியாது. இந்த இடத்தில்தான் 'நிரலை நாங்கள் ஓட்டுகிறோம், நீங்கள் இந்த வரியை மட்டும் ஒட்டிக்கொள்ளுங்கள்' என்று சில நிறுவனங்கள் வந்தன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், பார்க்ஸ்வில் என்ற சிற்றூரில் 1997-ல் தொடங்கிய பிரேவ்நெட் அவற்றில் பேர்போனது. கவுன்ட்டரும் விருந்தினர் புத்தகமும் இலவசம், பதிலுக்கு விளம்பரம். கவுன்ட்டர் வெறும் படம்தான். ஆனால் பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் படத்தைக் கேட்டுப் பிரவுசர் அவர்கள் சர்வரைத் தட்டும். தட்டும் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை ஒன்று கூடும். யார், எங்கிருந்து, எத்தனை மணிக்கு வந்தார் என்ற குறிப்பும் அவர்களிடம் தங்கும். பின்னாளில் பல்லாயிரம் கோடி டாலர் புரளும் கண்காணிப்பு வியாபாரத்தின் விதை இந்த அப்பாவிக் கவுன்ட்டரில் இருந்தது என்றால் மிகையாகாது.

ஜாவாஸ்கிரிப்ட் வந்ததும் இந்த ஒட்டுவேலைக்கு முழு பலம் கிடைத்தது. 1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். அடுத்த ஆண்டே ஸ்கிரிப்டை வெளியே தனிக்கோப்பாக வைத்து முகவரியால் அழைக்கும் வசதியும் வந்தது. வாசலைத் திறந்தது அதுதான்.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. 2004-க்குப் பிறகு தமிழில் வலைப்பதிவு எழுதத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பிளாகரின் இலவச இடத்தில்தான் எழுதினார்கள். அங்கேயும் சர்வரில் சொந்த நிரல் எதையும் ஓட்ட முடியாது. ஆகவே பக்கவாட்டில், பதிவுகளைத் தொகுக்கும் திரட்டியின் வாக்குப்பட்டை, வருகை எண்ணும் பெட்டி, 'சற்றுமுன் வந்தவர் இந்த ஊரிலிருந்து' என்று காட்டும் பட்டியல், எஃப்எம் வானொலி என்று வரிசையாக ஒட்டினார்கள். எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. அதில் எந்த ஒரு சர்வர் படுத்தாலும் பக்கமே திறக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஏனென்றால், பழைய பாணி ஸ்கிரிப்ட் வரியைக் கண்ட பிரவுசர், அது வந்து சேரும்வரை மேற்கொண்டு எதையும் காட்டாது. பக்கவாட்டு அலங்காரத்தைக் குறைத்தால்தான் கவிதை தெரியும் என்ற நிலை.

நல்லதும் நடந்தது

வெளியிலிருந்து ஸ்கிரிப்ட் வாங்குவதே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. கூகுள் மேப்ஸ் 2005 பிப்ரவரியில் வந்தது. டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனில் வேலை பார்த்த பால் ராட்மேக்கர் அதன் நிரலைப் பிரித்து ஆராய்ந்து, கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பரத் தளத்தில் வந்த வீட்டு வாடகை விளம்பரங்களை வரைபடத்தின் மேல் பொட்டு வைத்துக் காட்டினார். ஹவுசிங்மேப்ஸ் என்று பெயர். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. கூகுள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கலாம். மாறாக அதே ஆண்டு ஜூனில் 'யார் வேண்டுமானாலும் எங்கள் வரைபடத்தை உங்கள் தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள்' என்று முறையான வழியைத் திறந்தது. பிறகு ராட்மேக்கரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. உலக வரைபடத்தைத் தன் சர்வரில் வைத்துப் பராமரிக்க ஒரு மளிகைக்கடைத் தளத்தால் முடியுமா? சில விஷயங்களை வெளியிலிருந்து வாங்கித்தான் ஆகவேண்டும்.

வாங்கியதற்கு விலை பின்னால் வந்தது. 2018 ஜூலையில் கூகுள் கட்டண முறையை மாற்றியபோது, பில்லிங் கணக்கு தொடங்காத தளங்களில் வரைபடம் இருண்டுபோய், குறுக்கே 'உருவாக்கப் பணிக்கு மட்டும்' என்ற வாசகத்தோடு தோன்றியது. பல சிறிய நிறுவனங்களின் 'எங்களைத் தொடர்புகொள்ள' பக்கங்களில் அந்த இருட்டு நெடுங்காலம் அப்படியே இருந்தது.

ஃபேஸ்புக் தன் லைக் பட்டனை மற்ற தளங்களுக்கு 2010 ஏப்ரலில் கொடுத்தது. இலவசம். அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் அந்தப் பட்டன் இருந்த பக்கத்தைத் திறந்த தகவல் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டது. ஜெர்மனியின் ஆன்லைன் துணிக்கடையான ஃபேஷன் ஐடி மீது நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 2019 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பட்டனை வைத்த தளமும், தகவல் திரட்டப்பட்டு அனுப்பப்படுவதற்குக் கூட்டுப் பொறுப்பாளி. 'அது ஃபேஸ்புக்கோட வேலை சார்' என்று கைகழுவ முடியாது. அழகான எழுத்துருவைக் கூகுள் சர்வரிலிருந்து அழைத்ததால் பார்வையாளரின் ஐபி முகவரி கூகுளுக்குப் போனது என்பதற்காக 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒரு தளத்துக்கு 100 யூரோ இழப்பீடு விதித்ததையும் இதோடு சேர்த்துப் படிக்கவேண்டும்.

கெட்ட எண்ணமே இல்லாமலும் விபத்து நடக்கும். 2013 பிப்ரவரி 7 அன்று ஃபேஸ்புக்கின் உள்நுழைவு ஸ்கிரிப்டில் ஒரு பிழை. சிஎன்என், வாஷிங்டன் போஸ்ட் போன்ற பெரிய தளங்களைத் திறந்தவர்கள் கொஞ்ச நேரத்துக்கு ஃபேஸ்புக்கின் பிழைப் பக்கத்தில் போய் விழுந்தார்கள்.

ஆணையரின் தளத்திலேயே

டிக்கெட்மாஸ்டருக்கு அபராதம் விதித்த ஆணையர் அலுவலகத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. 2018 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்காட் ஹெல்முக்கு, அந்த அலுவலகத்தின் தளத்தைத் திறந்தால் வைரஸ் எச்சரிக்கை வருகிறது என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தால், பார்வையாளர்களின் கணினிகளைப் பயன்படுத்தி மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டிக்கொண்டிருந்தது அந்தத் தளம். அது மட்டுமா? பிரிட்டனின் அரசு மருத்துவமனைத் தளங்கள், அமெரிக்க நீதிமன்றங்களின் தளம், ஆஸ்திரேலிய அரசுத் தளங்கள் என்று 4,000-க்கும் மேற்பட்டவை அதே வேலையைச் செய்துகொண்டிருந்தன.

எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது பிரௌஸ்அலவுட். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் வாசிப்பதில் சிரமம் உள்ளவர்களுக்கும் பக்கத்தைச் சத்தமாகப் படித்துக்காட்டும் கருவி. டெக்ஸ்ட்ஹெல்ப் என்ற வட அயர்லாந்து நிறுவனத்துடையது. நல்ல நோக்கம், அரசுத் தளங்கள் வைத்தே ஆகவேண்டிய வகை வசதி. திருடர்கள் டெக்ஸ்ட்ஹெல்பின் ஒரே ஒரு கோப்பை மாற்றினார்கள். 4,000 தளங்கள் மாறின. சில மணி நேரத்தில் நிறுவனமே கருவியை நிறுத்திவிட்டது. நாணயம் தோண்டுவதோடு விட்டார்களே என்று ஆறுதல்பட்டவர்கள் உண்டு. அதே கோப்பில் கடவுச்சொற்களைத் திருடும் நிரலைப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நாணயம் தோண்டினால் கணினியின் விசிறியாவது சத்தம் போடும்.

விலைக்குப் போன முகவரி

டிக்கெட்மாஸ்டர், பிரௌஸ்அலவுட் இரண்டிலும் திருட்டு நடந்தது. பாலிஃபில்.ஐஓ விஷயத்தில் திருட்டே இல்லை, முறையாகக் கைமாறியது.

பழைய பிரவுசர்களில் புதிய ஜாவாஸ்கிரிப்ட் வசதிகள் இருக்காது. இல்லாததை ஈடுகட்டும் சிறு நிரலுக்குப் பாலிஃபில் என்று பெயர். லண்டனின் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழின் தொழில்நுட்பப் பிரிவில் ஆண்ட்ரூ பெட்ஸ் இதை ஒரு சேவையாகவே செய்தார். வந்திருப்பது எந்த பிரவுசர் என்று பார்த்து, அதற்கு எது குறைகிறதோ அதை மட்டும் அனுப்பும். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அந்த வரியைச் சேர்த்துக்கொண்டன. ஆய்விதழ்களைத் தொகுக்கும் ஜேஸ்டோர், உலகப் பொருளாதார மன்றம் எல்லாம் அதில் அடக்கம்.

பெட்ஸ் அந்தப் பணியிலிருந்து எப்போதோ விலகிவிட்டார். சேவை கை மாறியது. 2024 பிப்ரவரியில் டொமைனும் அதன் நிரல் களஞ்சியமும் ஃபன்னல் என்ற சீனத் தொடர்புள்ள நிறுவனத்திடம் போயின. அந்த டொமைன் தன்னுடையதாக ஒருபோதும் இருந்ததில்லை, விற்பனையில் தனக்கு எந்தப் பங்கும் இல்லை என்று சொன்ன பெட்ஸ், எல்லோரும் அந்த வரியை உடனே எடுத்துவிடுங்கள் என்று பகிரங்கமாக எச்சரித்தார். இன்றைய பிரவுசர்களுக்கு அது தேவையே இல்லை என்றும் சொன்னார். கிளவுட்ஃப்ளேர், ஃபாஸ்ட்லி நிறுவனங்கள் நம்பகமான மாற்று நகல்களைத் தயார்செய்து வைத்தன. பெரும்பாலான தளங்கள் அசையவில்லை. அந்த வரியைப் போட்டவர் வேலையை விட்டுப்போய் எத்தனை வருஷமோ, யார் கண்டது?

ஜூன் 25 அன்று சான்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் குட்டை உடைத்தது. புதிய உரிமையாளர்களின் கோப்பு, குறிப்பிட்ட சில செல்போன்களில், குறிப்பிட்ட நேரங்களில் மட்டும், பார்வையாளரைச் சூதாட்டத் தளத்துக்குத் தள்ளியது. வந்திருப்பது தளத்தின் நிர்வாகி என்று தெரிந்தால் பூனைபோல அடங்கிவிடும். கடத்திச்செல்லப் பயன்படுத்திய முகவரியோ, வருகையை அளக்கும் சேவையான கூகுள் அனலிட்டிக்ஸின் முகவரி போலவே தோன்றும்படி ஓரிரு எழுத்துகளை மாற்றி வைத்தது. 'உங்க சைட்டைத் திறந்தா சூதாட்டம் வருது' என்று வாசகர் புகார் செய்வார். உரிமையாளர் தன் கணினியில் திறந்து பார்த்து 'எனக்குச் சரியாத்தானே இருக்கு' என்பார். இந்தப் பதிலை எதிர்பார்த்தே எழுதப்பட்ட நிரல் அது. இரண்டு நாளில் பதிவு நிறுவனமான நேம்சீப் டொமைனை முடக்கியது. 2025 மே மாதம் அமெரிக்கக் கருவூலத் துறை, முதலீட்டு மோசடித் தளங்களுக்கு இடம் கொடுத்ததாகக் கூறி ஃபன்னல் மீது தடை விதித்தது.

செத்துப்போன முகவரிகளும் சும்மா இருப்பதில்லை. 2018-ல் நாணயம் தோண்டப் பயன்பட்ட காயின்ஹைவ் சேவை 2019 மார்ச்சில் மூடப்பட்டது. பிற்பாடு அதன் டொமைன்கள் ஆஸ்திரேலியப் பாதுகாப்பு நிபுணர் ட்ராய் ஹன்ட் கைக்கு வந்தன. மூடி இரண்டு வருடமாகியும் அந்த ஸ்கிரிப்டைக் கேட்டுப் பிரவுசர்கள் வந்துகொண்டே இருந்ததைப் பார்த்த அவர், 2021-ல் அங்கே சொந்தமாக ஒரு ஸ்கிரிப்டை வைத்தார். அதைக் கூப்பிட்ட தளங்களின் மேல், இந்தத் தளத்தில் நாணயம் தோண்டும் நிரல் ஒட்டப்பட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை தோன்றியது. முகவரி நல்ல மனிதரிடம் போனதால் எச்சரிக்கையோடு முடிந்தது.

என்ன செய்யலாம்

தொழில்நுட்பத்தில் மருந்து உண்டு. 2016 ஜூனில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி ஒரு முறையை அங்கீகரித்தது. ஸ்கிரிப்டை அழைக்கும் வரியிலேயே அந்தக் கோப்பின் கைரேகை போன்ற நீளமான குறியீட்டையும் எழுதிவிடலாம். வந்த கோப்பில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பிரவுசர் அதை ஓட்டாது. பிரௌஸ்அலவுட் தளங்கள் இதைச் செய்திருந்தால் தப்பித்திருக்கும் என்று ஹெல்ம் அப்போதே சொன்னார். ஆனால் மாறாத கோப்புக்குத்தான் இது பலிக்கும். பாலிஃபில்.ஐஓ ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒவ்வொரு மாதிரி தந்தது. கூகுள் அனலிட்டிக்ஸும் வரைபடமும் அடிக்கடி புதுப்பிக்கப்படும். எவை அதிக அதிகாரத்தோடு ஓடுகின்றனவோ அவற்றுக்கே இந்த மருந்து ஒத்துவருவதில்லை.

மாறாத கோப்பு என்றால் அதை எதற்கு வெளியே வைக்கவேண்டும்? ஜேகுவரி போன்ற நிரல் நூலகங்களைக் கூகுள் 2008-லிருந்து தன் சர்வரில் வைத்துத் தருகிறது. ஒரு தளத்துக்காக இறக்கிய கோப்பை அடுத்த தளத்திலும் பிரவுசர் பயன்படுத்திக்கொள்ளும், வேகம் கூடும் என்பது அன்று சொன்ன காரணம். அந்தரங்கப் பாதுகாப்புக்காகப் பிரவுசர்கள் ஒவ்வொரு தளத்தின் சேமிப்பையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டன; குரோமில் 2020 அக்டோபரிலேயே இது வந்தது. அந்த லாபம் போய் இத்தனை ஆண்டுகள் ஆகியும், பாடம் நடத்துகிறவர்கள் பலர் பழைய வரியையே எழுதிப்போடுகிறார்கள். அந்தக் கோப்பைச் சொந்த சர்வரில் நகலெடுத்து வைப்பதுதான் என் கட்சி.

வீடியோ, கருத்துப் பெட்டி போன்றவற்றை ஐஃப்ரேம் என்ற தனிச் சட்டத்துக்குள் வைக்கலாம். யூடியூப் வீடியோக்கள் அப்படித்தான் வருகின்றன. சட்டத்துக்குள் ஓடும் நிரலுக்கும் உங்கள் பக்கத்துக்கும் நடுவே அந்தப் பழைய தடுப்புச்சுவர் எழும்பிவிடும். எந்தெந்த முகவரியிலிருந்து ஸ்கிரிப்ட் வரலாம் என்ற பட்டியலைச் சர்வரே பிரவுசருக்குச் சொல்லும் ஏற்பாடும் உண்டு.

பணம் கட்டும் பக்கம் மட்டும் தனி ரகம். இந்தியாவில் ஆன்லைனில் ஊறுகாய் விற்பவர்கூட ரேசர்பே போன்ற நிறுவனத்தின் ஸ்கிரிப்டை ஒரு வரியில் அழைத்துத்தான் பணம் வாங்குகிறார். அது தேவையான கடன். அதே பக்கத்தில் சாட்பாட், விளம்பர அளவீடு, திருவிழாத் தள்ளுபடிச் சக்கரம் எல்லாம் சேர்ந்து ஓடுவதுதான் வினை. கார்டு நிறுவனங்களின் பாதுகாப்பு விதிகள் இப்போது கடுமையாகிவிட்டன. 2025 மார்ச் 31 முதல், பணம் கட்டும் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் பட்டியல் வேண்டும்; ஏன் இருக்கிறது என்று காரணம் எழுதவேண்டும்; மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க வழி வேண்டும்.

பட்டியல் போட நிபுணர் தேவையில்லை. கணினியில் உங்கள் தளத்தைத் திறந்து எஃப்12 பொத்தானை அழுத்தி, நெட்வொர்க் பகுதிக்குப் போய்ப் பக்கத்தை மறுபடி ஏற்றினால், எந்தெந்த முகவரிகளிலிருந்து என்னென்ன வருகின்றன என்பது வரிசையாகத் தெரியும். தெரியாத பெயர் கண்ணில் பட்டால், தளத்தைச் செய்து கொடுத்தவரிடம் அது எதற்கு என்று கேளுங்கள். 'தெரியலை சார், முன்னாடி இருந்தவர் போட்டது' என்று பதில் வந்தால், தளத்தின் சோதனை நகலில் அந்த வரியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது ஓடாமல் நின்றால், அது எதற்கு இருந்தது என்று அப்போது இருவருக்குமே தெரிந்துவிடும்.